பின்வாய்க்கால் ஒழுங்கைக்கு ஒரு லைன்

லண்டனில் ஒரு மனிதருக்கு ஏழு இன்டர்நெட் கொம்பனிகள். ஏழும் அவருடைய வீட்டு வாசல்வரை வந்து நிற்கின்றன. எதை எடுப்பது என்று தெரியாமல் அவருக்கு நித்திரையே வருவதில்லையாம். அந்த ஏழில் எது நல்லது என்று அவருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. நான் இருப்பது கனகராயன்குளத்தில், ஏ-ஒன்பது வீதியிலிருந்து உள்ளே இறங்கி, குளத்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பின்வாய்க்கால் ஒழுங்கை என்கிற ஒடுங்கிய மண்பாதையில். எனக்கும் தெரிவு இருக்கிறது. காற்றடித்தால் இன்டர்நெட் இல்லை. காற்றடிக்காவிட்டால் கொஞ்சம் இருக்கும்.

எங்கள் இன்டர்நெட் ஒரு கமுகந்தடியின் நுனியில் இருந்தது. சிம் போட்ட ரூட்டரை ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவைத் தடியில் கட்டி, தடியைக் கிணற்றுக் கட்டோடு சேர்த்து இறுக்கியிருந்தோம். கட்டியவர் என் கணவர் சதீஸ், கட்டாருக்குப் போவதற்கு முதல்நாள். அவர் போனபிறகு தடி அம்மாவின் பொறுப்பாகிவிட்டது. வெள்ளைக்காரர் யாருக்காவது நான் பதில் எழுதிக்கொண்டிருக்கும்போது திரை உறைந்துவிட்டால், உள்ளேயிருந்து "அம்மா!" என்று கத்துவேன். அம்மா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தடியைத் திருப்புவார்.

"வந்துருச்சா?"

"இல்லை."

"இப்ப?"

"கொஞ்சம் இஞ்சாலை. ஓம், ஓம், விடாதேங்கோ, பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

அந்த லண்டன்காரர் தன் வீட்டுக்கு எந்த லைன் பொருந்தும் என்று தெரிந்துகொள்ளும் வரைக்கும், என் தாய் ராக்காயி வெயிலில் ஒரு தடியைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்பது அவருக்குத் தெரியவே வராது.

எங்கள் கொம்பனியின் இணையத்தளத்தில் நாட்டுக்கு ஒரு வரி இருக்கும். எத்தனை தெரிவு, என்ன விலை, எவ்வளவு தரம் என்று வரிக்கு மூன்று கட்டம். ருமேனியாக்காரருக்கு மலிவாகவும் கிடைக்கிறது, வேகமாகவும் கிடைக்கிறது. கனடாக்காரர் விலையைப் பார்த்துத் தலையிலடித்துக்கொள்வார்கள். உலகத்துக்கே கார் செய்து விற்கிற ஜெர்மன்காரர் இன்னும் சில இடங்களில் பழைய செப்புக் கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சிங்கப்பூர்க்காரருக்குக் குறை சொல்ல ஒன்றுமே கிடைப்பதில்லை, அதையும் ஒரு குறையாகச் சொல்வார்கள். இலங்கை என்றும் ஒரு வரி இருக்கிறது. பார்க்க அவ்வளவு மோசமில்லை. கொழும்பில் யாரோ கதிரையில் சாய்ந்திருந்து படம் பார்க்கும் வேகம் அது. அந்த வரிக்குள் பின்வாய்க்கால் ஒழுங்கை இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பங்குனி மாதம் வவுனியா அலுவலகத்திலிருந்து நிருஷன் கூப்பிட்டான். எங்கள் பகுதிக்குப் பொறுப்பானவன், என்னைவிட இளையவன், நல்ல பிள்ளை.

"அக்கா, வீட்டிலயிருந்து வேலை செய்யிற எல்லாருக்கும் வயர் லைன் இருக்கோணுமாம். சித்திரை முடிய முதல். இல்லாட்டி வவுனியாவுக்கு வந்து தங்கி வேலை செய்யோணும். ரூம் எடுத்துத் தருவினம்."

"பிள்ளை பள்ளிக்கூடத்தில ரெண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளை என்ன செய்யிறது?"

"அம்மா இருக்கிறா தானே அக்கா. சனி ஞாயிறு வந்து போகலாம். இல்லாட்டி எல்லாருமா ரவுணுக்கு வந்திடுங்கோவன்."

எல்லாருமாக வந்துவிடுங்கள் என்று எவ்வளவு லேசாகச் சொல்கிறான். அம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு என் தாத்தா எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடிபட்டு வந்தார். இங்கே காடு வெட்டிக் குடிசை போட்டார். பிறகு சண்டை. நான் பள்ளிக்கூடப் பையோடு கிளம்பி, கடைசியில் பை இல்லாமல், செருப்பு இல்லாமல், செட்டிகுளம் முகாமில் போய் நின்றேன். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் நாயுருவி வளர்ந்திருந்தது. அதைப் பிடுங்கிவிட்டுத்தான் இந்த வீட்டைக் கட்டினோம். சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடி எங்கள் சனத்துக்குக் கால் தேய்ந்தது போதும். ஷெல்லுக்குப் பயந்து ஓடியதில் ஒரு நியாயம் இருந்தது. ஒரு வயருக்காகவும் ஓடவேண்டுமா?

"சித்திரைக்குள்ள லைன் எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டேன். எப்படி எடுப்பேன் என்று எனக்கே தெரியாது. கோபம் வந்தால் என் வாய் எனக்கு முன்னால் போய்விடும்.

லைன் போடும் கொம்பனியிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்தார். வெயிலில் இரண்டு தரம் ஒழுங்கையின் முடிவுவரை நடந்தார். மின்சாரத் தூணில் வயரைக் கொழுவ அவர்களுக்கு அனுமதி இல்லையாம். தங்கள் தூண்தான் நடவேண்டுமாம். அவர்களுடைய கடைசித் தூண் வாய்க்காலுக்கு வீதிப் பக்கம், தில்லைநாதன் ஐயாவின் வீட்டுப் படலையடியில் நிற்கிறது.

"வாய்க்கால் கட்டில தூண் நடுறதுக்குக் கமக்கார அமைப்பு ஓம் எண்டு சொல்லோணும்" என்றார். "அவை சொன்னால், உங்கட வீட்டுக்கு மட்டும் எண்டால் சின்ன வேலை, தூண் கைவசம் இருக்கு, ஒரு கிழமையில முடிச்சிடுவன். ஒழுங்கை முழுக்க எண்டால் பத்து வீடாவது கேக்கோணும். தூண் வெளியிலயிருந்து வரோணும். அது ஆனி மாதமாகும்."

என் வீட்டுக்கு மட்டும் போதும் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவரைச் சுற்றி ஏற்கெனவே அரைவாசி ஒழுங்கை கூடிவிட்டது. பிரான்ஸில் மகன் இருக்கிற தாய், ஊர் ஊராக மிஷின் கொண்டுபோய் நெல் வெட்டுகிற கிருசாந்தன், ஒன்றுக்கும் தேவையில்லாவிட்டாலும் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கிற அப்புத்துரை, எல்லாரும் "எங்களுக்கும், எங்களுக்கும்" என்றார்கள். அந்த மனிதர் போவதற்குள் ஒழுங்கையில் ஒரு வீடு மிச்சமில்லாமல் லைன் கேட்டுவிட்டது. அம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நமக்கு எதுக்குடி இந்த வம்பு? கேட்டா குடுத்துருவாங்களா?"

"கேட்டுப் பாப்பம்."

"கேட்டு வாங்கிக் கட்டிக்க."

தில்லைநாதன் ஐயாதான் வயல்காரர் சங்கமான கமக்கார அமைப்பின் தலைவர். யாழ்ப்பாணத்து வேலணையிலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வயல்காணி எடுத்து வந்த குடும்பம். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். முகாமிலிருந்து திரும்பிய வருடம் எங்கள் ஒழுங்கைக்கு மூட்டையில் அரிசி அனுப்பியவர். ஆனால் அரிசி அனுப்புகிறவருக்கு, அரிசி வாங்குகிறவர் எப்போதும் கையேந்தியபடியே நிற்கவேண்டும் போலிருக்கிறது. நான் போனபோது விறாந்தையில் இருந்து ரொறன்ரோவில் இருக்கிற மகன் குகதாசனோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தார். படம் கண்ணாடி போலத் துலக்கமாக இருந்தது. மகன் முகத்தில் சவரக் கத்தி கீறிய காயம்கூடத் தெரிந்தது.

கதைத்து முடித்துவிட்டு, விசயத்தைக் கேட்டுவிட்டு, "கட்டில தூண் நட்டால் உழவு மிஷின் திரும்பேலாது பிள்ளை" என்றார்.

"ஓரமாத்தான் ஐயா நடுவினம். அளந்து பாத்தவை."

"அதை விடு. குகன் அங்க கொம்பியூட்டர் வேலை. அவனுக்கு ஸ்பீட் வேணும். களை பிடுங்கிற ஆக்களுக்கு என்னத்துக்கு? இண்டைக்கு வயர் கேப்பியள். நாளைக்குத் தார் ரோட்டுக் கேப்பியள். பிறகு காணிக்கு உறுதிப் பத்திரமும் கேப்பியள்."

"ஓம் ஐயா, எல்லாம் கேப்பம்."

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனால் என் தாத்தாவையும் அம்மாவையும் தெரிந்தவர், அடக்கிக்கொண்டார். உள்ளேயிருந்து அவருடைய மனைவி இலட்சுமி அம்மா எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனா.

"உன்ர வேலைக்குத்தானே லைன் வேணும்? ஒண்டு செய். இஞ்ச வந்திருந்து செய். குசினிக்குப் பின்னால நெல் மூட்டை வைக்கிற அறை சும்மாதான் கிடக்கு. லைட் இருக்கு, ஃபான் இருக்கு. இலட்சுமி தேத்தண்ணி தருவா. ஒரு சதம் தரவேண்டாம். பின்படலையால வந்து பின்படலையால போ."

நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் சுட்டது. எங்கள் சனம் அந்த வீட்டுக்குள் போவது எப்போதும் பின்படலையால்தான். அம்மா நெல்லு அவிக்கப் போனதும் அதால்தான், நான் சின்னப் பிள்ளையாக அம்மாவைத் தேடிப் போனதும் அதால்தான்.

"முன்படலை பூட்டோ ஐயா?" என்று கேட்டேன்.

நான் முன்படலையைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். நிமிர்ந்துதான் நடந்தேன்.

சிறுபோகக் கூட்டம் பொதுநோக்கு மண்டபத்தில் நடந்தது. எந்த நாள் குளத்தைத் திறப்பது, யாருக்கு எவ்வளவு விதைப்பு, வாய்க்காலை எப்போது துப்புரவாக்குவது, எல்லாம் அங்கேதான் முடிவாகும். வயல்காரர் கதிரைகளில் இருந்தார்கள். குத்தகைக்குச் செய்கிறவர்களும் கூலிக்குப் போகிறவர்களுமாக எங்கள் ஒழுங்கை பின்சுவரோடு ஒட்டி நின்றது. நடுவில் மேசை போட்டு அரசாங்கக் கமநல அதிகாரி இருந்தார்.

அந்த வருடம் குளத்தில் தண்ணீர் குறைவு. மேல்மடைக்காரர் தங்களுக்கு முதலில் வேண்டும் என்று துள்ளினார்கள். தில்லைநாதன் ஐயாவின் வயல் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. அவர் எழுந்து நின்று கையை நீட்டிக் கதைத்தார்.

"தண்ணி குறைஞ்ச போகத்தில கடைசி வயலுக்குத்தான் முதல் தண்ணி. அது இஞ்சத்தைய வழமை. மேல இருக்கிறவை குடிச்சு மிச்சம் விட்டால் எங்களுக்குச் சேறுகூட வராது. கடைசி வயல் நனைஞ்சால் நடுவில இருக்கிறதெல்லாம் தானா நனையும். முதல் வயலோட நிப்பாட்டினால் அதோட சரி."

மேல்மடைக்காரரும் சரி என்றார்கள். அதிகாரி அப்படியே எழுதினார். குளம் திறக்கிற நாளும் குறிக்கப்பட்டது. வாய்க்கால் துப்புரவு அதற்கு முதல் கிழமை. சட்டப்படி ஒவ்வொரு வயல்காரரும் தன் பங்கைத் தானே வெட்டவேண்டும். ஆனால் ஒருவரும் மண்வெட்டி தூக்குவதில்லை. எங்கள் ஒழுங்கைப் பெண்களைத்தான் கூப்பிடுவார்கள்.

வேறு விசயம் ஏதும் உண்டா என்று அதிகாரி கேட்டதும் நான் முன்னால் போனேன். போய் ஒரு மடத்தனம் செய்தேன். வேலையில் கண்டதையெல்லாம் அங்கே கொட்டினேன். ருமேனியாவில் இப்படி, கனடாவில் இப்படி, சிங்கப்பூரில் வீட்டுக்கு வீடு இப்படி என்று மூச்சுவிடாமல் சொன்னேன். முன்வரிசையில் ஒருவர் "பிள்ளை பிளேன் இல்லாமலே உலகம் சுத்துது" என்றார். மண்டபம் சிரித்தது. பின்சுவரிலும் இரண்டுபேர் சிரித்தார்கள், அப்புத்துரை உட்பட. என் காது இரண்டும் எரிந்தன. வெள்ளைக்காரருக்குக் காட்டுகிற கணக்கை இவர்களுக்குக் காட்டினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

சிரிப்பு அடங்கும்வரை நின்றேன். பிறகு தில்லைநாதன் ஐயாவைப் பார்த்துச் சொன்னேன்.

"ஐயா, ருமேனியாவை விடுவம். தண்ணியில நீங்கள் கடைசி. அதால உங்களுக்குத்தான் முதல் எண்டு இப்ப எல்லாரும் ஒத்துக்கொண்டவை. வயரில நீங்கள் முதல், நாங்கள் கடைசி. உங்கட படலையோட நிப்பாட்டினால் அதோட சரி. இப்ப நீங்கள்தான் சொன்னனீங்கள்."

இந்தமுறை மேல்மடைக்காரர் ஒருவர் மட்டும் மீசைக்குள் சிரித்தார், அது வேறு கணக்கு.

"தண்ணி வேறை, வயர் வேறை" என்றார் ஐயா. "தண்ணி இல்லாட்டிச் சோறு இல்லை. அதையும் இதையும் ஒண்டா முடிச்சுப் போடாதை."

"எனக்கு வயர் இல்லாட்டித்தான் ஐயா சோறு இல்லை."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். இது அமைப்பின் முடிவு, தனக்குத் தலையிட முடியாது என்றார். ஐயா முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். முன்வரிசை தலையை ஆட்டியது. "சம்மதமில்லை" என்று அவர் சொன்னதோடு கூட்டம் கலையப் பார்த்தது. கோபத்தில் அழுகை வருகிற ஆள் நான், அது எனக்கு அறவே பிடிக்காத விசயம்.

அப்போதுதான் பின்சுவரிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. கூட்டங்களில் வாயே திறக்காதவர்.

"அப்ப வாய்க்கா வெட்ட வேற ஆளப் பாத்துக்கங்க, ஐயா. நாங்க வரல."

எல்லாரும் திரும்பினார்கள். அம்மா முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு நின்றார். குரலில் ஒரு சூடும் இல்லை. சந்தையில் விலை சொல்வது போல நிதானமாகச் சொன்னார்.

"ஒங்க வயலுக்குக் கடைசி வரைக்கும் தண்ணி வருதுன்னா, அது நாங்க சேத்துல நின்னு வெட்டுறதால வருது. எங்களுக்கு ஒரு கம்பி வர்றதுக்கு நீங்க மண்வெட்டி கூடத் தூக்க வேணாம். சரின்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். அது முடியலன்னா, இதும் முடியாது."

"ராக்காயி, என்ன கதை இது?" என்றார் ஐயா.

"நானும் வரேல்ல" என்றா பக்கத்தில் நின்ற விமலேஸ்வரி. ஒழுங்கையின் கடைசி வீடு அவவுடையது. அவவின் மூத்தவள் கணக்குப் பாடம் கேட்க ஃபோனைத் தூக்கிக்கொண்டு குளக்கட்டில் ஏறி வெயிலில் இருக்கிறவள். பிறகு இன்னொருத்தி, "நானும்" என்றாள். பிறகு வரிசையாக எல்லாரும். சத்தம்போட்டு ஒருத்தியும் சொல்லவில்லை. அப்புத்துரை தானும் வரமாட்டேன் என்றார். அவர் ஒருநாளும் வாய்க்கால் வெட்டியதில்லை, ஆனாலும் சொன்னார்.

அதிகாரி பேனையை மேசையில் வைத்தார். வாய்க்கால் துப்புரவாகாவிட்டால் குளம் திறந்தும் தண்ணீர் கடைசிவரை ஓடாது என்று ஐயாவைப் பார்த்துச் சொன்னார். மேல்மடைக்காரருக்கு அது பெரிய இடியில்லை. மடை அவர்கள் வாசலில் இருக்கிறது. கடைசி வயலுக்குத்தான் வராது. ஐயா முன்வரிசையைப் பார்த்தார். இந்தமுறை முன்வரிசை கூரையைப் பார்த்தது.

ஐயா என்னிடம் திரும்பி, இறங்கிய குரலில் சொன்னார்.

"சரி. உன்ர வீட்டுக்கு எடு. கட்டில ரெண்டு தூண் நடட்டும், நான் ஒண்டும் சொல்லேல்ல. உன்ர வேலைக்கு அது போதும்தானே?"

மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. என் வீட்டுக்கு மட்டும் என்றால் ஒரு கிழமை. சித்திரைக்குள் லைன், வேலை, மகள், எல்லாம் கையில் இருக்கும். ஓம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, பொய் சொல்லமாட்டேன். அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. விமலேஸ்வரியும் பார்க்கவில்லை. நான் என்ன சொல்வேன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது போலவும், அதற்காக என்னைக் கோபிக்கப் போவதில்லை போலவும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"இல்லை ஐயா" என்றேன். "எங்கட வீடு ஒழுங்கைத் தொடக்கத்தில இருக்கு. என்ர வாசலோட நிண்டால் பிறகு ஒருகாலும் அங்கால போகாது. முதல் தூணை விமலேஸ்வரி அக்கா வீட்டு வாசலில நடட்டும். கடைசி வீட்டில தூண் நிண்டால் நடுவில நிப்பாட்ட ஒருத்தராலயும் ஏலாது. அப்பிடி எண்டு எழுதுங்கோ. இல்லாட்டி ஒண்டும் வேண்டாம்."

அதிகாரி ஐயாவைப் பார்த்தார். ஐயா சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"எழுதுங்கோ" என்றார். "கடைசி வீட்டிலயிருந்து எண்டு எழுதுங்கோ. வாய்க்கால் துப்புரவுக்கு மண்வெட்டியோட வந்திடச் சொல்லுங்கோ."

வெளியே வந்ததும் நிருஷனைக் கூப்பிட்டேன். ஒழுங்கை முழுவதற்கும் சம்மதம் வாங்கிவிட்டோம் என்று சொன்னேன். அவனுக்கு உண்மையாகவே சந்தோசம். எத்தனையாம் திகதி லைன் வரும் என்று கேட்டான். ஆனி மாதம் என்றேன்.

"அக்கா, சித்திரை முடிய எண்டெல்லோ சொன்னனான். ஆனி வரைக்கும் விடமாட்டினம். ரெண்டு மாசம் வவுனியாவில வந்து இருங்கோவன். இல்லாட்டி வேலை போயிடும் அக்கா."

மண்டபத்து வாசலில் எங்கள் ஒழுங்கை முழுவதும் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

"போனாப் போகட்டும் தம்பி," என்றேன். "நான் இஞ்சயிருந்து போகேல்ல."